செவப்புன்னு சொல்லிருச்சு

எங்கள் குடும்பத்தில் எல்லாச் சாமானையும் ஒரே கடையில் வாங்கினால் அது வியாபாரம் இல்லை, பகை. விருதுநகரிலும் சிவகாசியிலும் தெருவுக்கு ஒரு சொந்தக்காரர் கடை வைத்திருக்கிறார். துவரம்பருப்பை ஒருவரிடம் வாங்கினால் உளுந்தை இன்னொருவரிடம் வாங்க வேண்டும். தவறினால் அடுத்த கல்யாணத்தில் யாராவது பந்தியில் உட்கார மாட்டார்கள். உளுந்து எந்தக் கடையிலிருந்து வந்தாலும் இட்லி வெந்துவிடும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று நாங்கள் நம்பியதில் வந்த வினைதான் இது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்தேன். (அதுவரை ஒரு கம்ப்யூட்டரின் மூடியைக்கூடத் திறந்ததில்லை. அது சிலபஸில் இல்லை.) அப்பா சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ் வைத்திருந்தார். டிசைனை மட்டும் வெளியே கொடுத்து வாங்குவார். அந்த வருஷம் தாயில்பட்டி பட்டாசு கம்பெனி ஒன்று, டிசைனையும் எங்கள் பிரஸ்ஸிலேயே செய்தால் சீசன் லேபிள் முழுவதும் எங்களுக்கே என்றது. டிசைனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குதித்தேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கம்ப்யூட்டர ஓட வச்சுக் காட்டு. ஓடுச்சுன்னா டிசைன் ரூமு உனக்கு. இல்லன்னா மெட்ராசுல வேல தேடிக்கோ."

எனக்கு மெட்ராஸ் வேண்டாம். அந்த ரூம்தான் வேண்டும்.

அப்போதெல்லாம் பாகம் பாகமாக வாங்கி மாட்டுவார்கள். அப்பா வழக்கப்படி ஆர்டரைப் பங்கு வைத்தார். மதர்போர்டு பெரியப்பா கடையில், பிராசஸர் விருதுநகர் மாமா கடையில், மெமரிக்கு உரிய ராம் சித்தப்பா கடையில். "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேருமாத்தா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"எல்லாம் கம்ப்யூட்டர் சாமான்தானப்பா" என்றேன். பட்டதாரி சொன்னதால் நம்பிவிட்டார்.

வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்தோம். கேபினெட்டுக்குச் சந்தனம், குங்குமம், மானிட்டர் தலையில் மல்லிகைச் சரம். மூன்று கடைக்காரச் சொந்தங்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாயில்பட்டி கம்பெனி மேனேஜரும் வந்திருந்தார். அம்மா கேசரி கிண்டியிருந்தாள். நான் ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தில் பொடிப்பொடியாக ஊசிகள் நின்றன. மாமா கொடுத்த பிராசஸரைத் திருப்பினேன். அதிலும் ஊசிகள். ஒரு பக்கம் ஊசி இருந்தால் மறுபக்கம் துளை இருக்க வேண்டும் என்பது சட்டைக்குப் பித்தான் போடத் தெரிந்த யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

"நல்லா அமுக்குத்தா. புதுசு அப்படித்தான் இறுக்கமா இருக்கும்" என்றார் பெரியப்பா.

அமுக்கினேன். நறுக்கென்று சத்தம் வந்தது. இரண்டு பக்க ஊசியும் கோணிக்கொண்டன. கௌரவத்தைக் காப்பாற்ற ராமை எடுத்தேன். அதன் பள்ளம் ஓரிடத்தில், போர்டின் மேடு வேறிடத்தில். அதையும் அமுக்கப் போனவளை அப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எம் போர்டு இப்ப வந்த மாடலு. பிராசஸர்தான் பழசு" என்றார் பெரியப்பா.

"எங்கடையில பழசு விக்கிறதில்ல. உங்க போர்டுதான் ஊருக்கு ஒத்துவராத போர்டு" என்றார் மாமா. கேசரியைத் தொடாமல் எழுந்து போனார். எங்கள் வீட்டில் அது நில அதிர்ச்சிக்குச் சமம்.

மேனேஜர், மாமா தொடாத கேசரியையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, "ஆனி பொறக்குற வரைக்கும் பாப்போம்" என்று சொல்லிப் போனார்.

அதற்குப் பிறகுதான் சிக்கலே. மூவரும் போட்டி போட்டுக்கொண்டு மாற்றுச் சாமான் தர முன்வந்தார்கள், அதே மாடலில். யாரிடமும் "உங்களது வேண்டாம்" என்று சொல்ல அப்பாவுக்கு நாக்கு எழவில்லை. நான் சொன்னால் வாயாடி என்பார்கள்.

பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். எந்த போர்டுக்கு எந்த பிராசஸர், எந்த ராம் சேரும் என்று தேடிப் பிடித்து, ஒரு சின்ன புரோகிராம் எழுத ஆரம்பித்தேன். சாமான்களைத் தேர்ந்தெடுத்தால் சேரும் என்பதற்குப் பச்சை, சேராது என்பதற்குச் சிவப்பு. அவ்வளவுதான்.

அப்பா சிரித்தார். "ஊர்ல எம்புட்டுப் பேரு கம்ப்யூட்டர் மாட்டப் போறாக? கடையில ஒரு வார்த்த கேட்டாத் தெரியாதா? இதுக்குப் போயி ஒரு மெஷினா?" நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. ரோஷத்தில் எழுதி முடித்தேன்.

சிடியில் போட்டு, அப்பாவோடு மாமா கடைக்குப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த மாமாவின் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே அதை ஓட்டி, பெரியப்பாவின் போர்டோடு அவர் பிராசஸரை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். திரை முழுக்கச் சிவப்பு. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்பா, கடையின் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷினே சொல்லிருச்சு. அதுக்கு நம்ம மேல என்ன வஞ்சம்?" என்றார் மாமா. "எது பச்சையோ அத வரவழச்சுத் தாரேன் மருமகளே. ரெண்டு பேரும் சாப்பிட்டீகளா?"

சித்தப்பாவிடம் போனோம். அவரும் சிவப்பைப் பார்த்துச் சுருங்கினார். "மச்சானுக்கும் செவப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்து, "அப்பச் சரி" என்றார்.

ஆனி பிறக்கும் முன்பே கம்ப்யூட்டர் ஓடியது. முதல் லேபிளில் நான் வரைந்த மயிலுக்குக் கால் மூன்று என்று மேனேஜர் கண்டுபிடித்தார். திருத்திக் கொடுத்தேன். லேபிள் ஆர்டர் எங்களுக்கு, ரூம் எனக்கு. அன்று எனக்கிருந்த திமிருக்குச் சிவகாசி சரவெடி எல்லாம் சும்மா.

மறுநாள் அப்பா என் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"ஏத்தா, பெரியப்பா லேபிளுக்கு அவரோட இன்னொரு கடைக் காகிதத்த வாங்கச் சொல்லி வருஷக்கணக்கா உசுர எடுக்காரு. அதையும் உள்ள போட்டுச் செவப்புன்னு சொல்ல வையி."

"இதுக்குப் போயி ஒரு மெஷினா?" என்ற அப்பாவின் கேள்விக்கு அப்போதுதான் அப்பாவிடமிருந்தே பதில் கிடைத்தது.

அந்தப் புரோகிராமில் இருந்த போர்டும் பிராசஸரும் இன்று எந்தக் கடையிலும் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் முடியாது என்று சொல்வதில்லை. வேண்டாத வரனுக்கும் வேண்டாத விருந்துக்கும் "செவப்புன்னு சொல்லிருச்சு" என்பதோடு சரி, வருத்தம் கிடையாது. போன பொங்கலுக்கு மாமா போன் செய்து, தன் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் கிரைண்டரை நான்தான் முதலில் வாங்க வேண்டும் என்றார். "அது வந்து மாமா..." என்று இழுத்தேன்.

"செவப்பா மருமகளே?" என்றார். "சரி, சாப்பிட வாங்க."