காதில்லாத அணில் யாருடையது?

ஒரு படம் யாருக்குச் சொந்தம்? வரைந்தவளுக்கா, அதைப் பச்சை குத்தியவளுக்கா, வலியைப் பொறுத்துக் கையில் வாங்கிக்கொண்டவளுக்கா? இந்தக் கேள்வி இன்றும் என்னைக் குடைகிறது. பதில்தான் ஒருமுறைகூட என் பக்கம் வந்ததில்லை.

அப்போது சேலத்தில் ஒரு நெசவுப் பள்ளியில், சேலைக் கரைகளுக்குக் கட்டக் காகிதத்தில் படம் போடக் கற்றுக்கொண்டிருந்தேன். (நூல் எண், கட்டக் கணக்கு, சாய எடை எல்லாம் மனப்பாடம். தலைக்கனத்தை நிறுக்கத்தான் தராசு இல்லை.) அம்மாபேட்டையில் எங்கள் தெருவுக்குப் பச்சை குத்தும் நல்லக்காள் வந்தபோது, அம்மா என்னை அவள் முன்னால் உட்காரவைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

"தேளு குத்தட்டுமா சாமி, தேரு குத்தட்டுமா?"

"ஊரெல்லாம் இருக்கற தேளு எனக்கெதுக்கு? நானே போட்டுத் தாரேன்."

துண்டுக் காகிதத்தில் வரைந்தேன். நடுவில், நூலைச் சுமந்துகொண்டு தறியில் குறுக்கே ஓடும் நாடா. இருபக்கமும் அதைத் தொட்டபடி இரண்டு அணில்கள். அவசரத்தில் ஓர் அணிலுக்குக் காது போட மறந்துவிட்டேன். நல்லக்காள் ஊசியை வைத்தாள். நான் போட்ட சத்தத்தில், யாரோ கிணற்றில் விழுந்துவிட்டதாக நினைத்துப் பக்கத்து வீட்டார் கயிற்றோடு ஓடி வந்தார்கள். இரண்டாம் குத்துக்கு நான் அங்கே இல்லை. காகிதம் அவளிடமே தங்கிவிட்டது.

மறு வருஷம் பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். யாருடைய கரை தேர்வாகிறதோ அவருக்கு அங்கேயே படம் போடும் வேலை. இல்லையென்றால் எனக்குப் பள்ளிபாளையத்தில் சித்தப்பா வீட்டு ராட்டினம் காத்திருந்தது. நாளெல்லாம் நாடாவுக்குள் வைக்கும் நூலைத் தார் சுற்ற வேண்டியதுதான். எனக்கு அந்த வேலை வேண்டும். என் அணில்களையே மறுபடி, அளவுகோல் வைத்து, அழகாகப் போட்டேன். இந்த முறை இரண்டுக்கும் காது.

தேர்வு செய்ய வந்தவர் ராசிபுரத்து ஜவுளிக்கடை முதலாளியின் மனைவி. படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் முன்கையைத் திருப்பிக் காட்டினார். அதே நாடா, அதே அணில்கள்!

"ஏனுங்க அம்மிணி, பச்சையப் பாத்துக் காப்பியடிச்சுட்டு சொந்தப் படமுன்னு எழுதியிருக்கறீங்களே?"

"இல்லீங்க, பச்சதானுங்க என்னையப் பாத்து..."

"அடிச்ச காப்பியும் தப்பு. இந்த அணிலுக்குக் காதே கெடையாதுங்க."

நான் துள்ளிக் குதித்தேன். காது இல்லாததுதானே சாட்சி! மறந்தவள் நானல்லவா? எங்கள் ஆசிரியர் நியாயஸ்தர்; நல்லக்காளை அழைத்து வரச் சொன்னார். சந்தையில் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். "உள்ளதைச் சொன்னாப் போதும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். "சொல்றஞ் சாமி" என்று அவளும் தலையாட்டினாள்.

வந்தவள் சபையைக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "இது எங்க பாட்டிக்குப் பாட்டி குத்துன படமுங்க. ராமரு காலத்து அணிலு. நடுவுல இருக்கறது பாலத்துக்குச் சுமந்த கல்லு."

"அது நாடா!" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை.

"காது எங்கேம்மா?" என்றார் ஆசிரியர்.

"ராமரு முதுகத் தடவுனாருல்லீங்களா? தடவுன வேகத்துல மடிஞ்சுபோச்சுங்க."

ராசிபுரத்து அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வேலையும் அந்தக் காதோடு மடிந்தது.

வெளியே வந்ததும் நல்லக்காளிடம் பாய்ந்தேன். "ஏன் பொய் சொன்னே?"

"புதுசுன்னு சொன்னா எவ சாமி குத்திக்குவா? சாகறப்பக் கூட வாரது பச்ச ஒண்ணுதான். நேத்துப் போட்ட படத்தக் காட்டுனா எமன் ஊட்டுல உள்ள உடுவாங்களா? செரி, உங்க கையக் காட்டுங்க பாப்போம்."

காட்டினேன். ஒரே ஒரு புள்ளி.

"இத வெச்சுக்கிட்டா சொந்தங் கொண்டாடறீங்க?"

கோபத்திலும் எனக்கு வியப்புதான். அவள் கணக்கில் எங்கே பிழை என்று வீடு வரை தேடினேன், அகப்படவில்லை.

பள்ளிபாளையத்தில் தார் சுற்றப் போன முதல் நாள், சித்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சித்தியின் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. வளையலை மேலே தள்ளிக் கையைக் காட்டினாள். அங்கேயும் அணில்!

"அடிப்பாவி, நீ போட்டதுன்னு தெரிஞ்சிருந்தா நான் தேளே குத்தியிருப்பேனே!"

சில மாதம் கழித்து ஒரு வியாபாரி, நான் பொழுதுபோகாமல் போட்டுவைத்த காவிரிப் பரிசல் படத்தை எடுத்துப் பார்த்தார். "இதென்ன அம்மிணி, புதுசா?" என்று அவர் முகம் சுளித்ததும், என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது:

"இல்லீங்க. குகன் ஓட்டுன பரிசலுங்க."

அந்தக் கரையில் எத்தனை சேலை நெய்து கொடுத்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு ராட்டினம் போய், கட்டக் காகிதம் என் கைக்குத் திரும்பியது. இன்றும் வியாபாரி வரும் நாளென்றால், விடிந்ததும் தறிக்குழியிலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்கும், வீடே சிரிக்கும்:

"அம்மிணி, நேத்துப் போட்ட ராமரு காலத்துக் கரையில மை காஞ்சுதா?"