மூன்றாம் அழைப்புக்குக் கண் திறப்பவர்

கூப்பிட்டால் வருகிறவர்கள், கூப்பிடாமலே வருகிறவர்கள் என்று மனிதர்கள் இரண்டே வகைதான் என நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், ஒரு நடிகையின் ஒப்பனை அறைக் கதவுக்கு வெளியே நீங்கள் நின்றதில்லை என்று அர்த்தம். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. கூப்பிட்டது அதன் காதில் விழும். வர வேண்டும் என்ற ஆசை இருக்கும். கூப்பிடுவதற்கு முன்பே தலைவாரித் தயாராகவும் உட்கார்ந்திருக்கும். ஆனால் எழாது. இன்னொரு தடவை கூப்பிடட்டுமே.

இந்த இனத்தின் ஈடு இணையற்ற பிரதிநிதி நம் நடிகை. முதல் பட வாய்ப்பு வீடு தேடி வந்தபோது யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்க என்ன இருந்தது? பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. தயாரிப்பாளர் போய், இயக்குநரைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார். அன்று பிடித்தது வியாதி. அதன்பிறகு, வெளியே விளக்குகள் எரிய, ஊரே வெயிலில் வேடிக்கை பார்க்க, துணை நடிகர்கள் குடை தேட, கதாநாயகன் மூன்றாம் தடவையாகத் தன் மீசையைச் சரிசெய்துகொள்ள, அவர் உள்ளே கண்ணாடியோடு பேசிக்கொண்டிருப்பார். ஒரு தடவை கதவைத் தட்டினால் அது வேலையாள். இரண்டு தடவை தட்டினால் அது மரியாதை. மூன்றாவது தட்டல்தான் கலை.

வெற்றி பெறும்வரை இதற்குப் பெயர் கௌரவம். அவரும் வெற்றி பெற்றார், மறுப்பதற்கில்லை.

ஆனால் காலம் என்று ஓர் உதவி இயக்குநர் இருக்கிறார். அவர் யாரையும் இரண்டாம் தடவை கூப்பிடுவதில்லை. நாயகியாக இருந்தவர் நாயகனின் அக்காவானார், பிறகு அண்ணி, பிறகு அம்மா. தன்னோடு ஆடிப் பாடிய அதே நாயகனுக்குத்தான் அம்மா. வயதாகிவிட்ட செய்தியை அந்த நாயகனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும். கடைசியில் தொலைக்காட்சித் தொடர். அதில் மாமியார். இதுவும் போனால் அடுத்த அழைப்பு கிடையாது என்பது அவருக்குத் தெரியும். கூடவே வந்து தேதிகளையும் மாத்திரைகளையும் பார்த்துக்கொள்ளும் தங்கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒருநாள் குடும்பப் புகைப்படக் காட்சி. நடு நாற்காலியை மருமகளாக நடிக்கும் பெண்ணுக்குப் போட்டுவிட்டார்கள். நம்மவருக்குத் தலைவலி வந்தது. கதவு சாத்தப்பட்டது. உதவி இயக்குநர் வந்து ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போனார்.

"அதான் கூப்பிட்டாச்சே, போக்கா," என்றார் தங்கை.

"இரு, இன்னொரு தடவை வருவாங்க."

வரவில்லை. எப்படி வருவார்கள்? காலையில் எடுப்பது மாலையில் ஒளிபரப்பாக வேண்டும். மனைவி அழைத்தாலே திருப்பிப் பேச நேரமில்லாத இயக்குநர், மாமியார் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கோமாவுக்குப் போய்விட்டதாக அங்கேயே நின்று எழுதினார். கூட்டத்தில் நடிக்க வந்த ஒரு பெண்மணியைக் கட்டிலில் படுக்கவைத்து, முகத்தில் ஆக்சிஜன் முகமூடி மாட்டி, வேலையை முடித்தார். தனக்கு விபத்து நடந்த செய்தியை நம் நடிகை மாலையில், வீட்டில், தேநீர்க் கோப்பையும் கையுமாகத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அவரை உலுக்கியது கோமா அல்ல, முகமூடி. முகத்தை மூடிவிட்டால் அந்தக் கட்டிலில் யார் படுத்தால் என்ன? மறுநாள் விளக்குக்காரர்கள் வருவதற்கு முன்பே வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூப்பிடாமல் வந்தார்.

ஆனால் இயக்குநருக்கு இந்தக் கோமா ருசித்துவிட்டது. யார் வேண்டுமானாலும் வந்து, கையைப் பிடித்து, மனதில் இருப்பதைக் கொட்டி அழலாம். பதில் வசனம் எழுத வேண்டியதில்லை. மருமகள் அழுதே பிரபலமாகிவிட்டாள். நம்மவர் பங்குக்குத் திரையில் தெரிந்தது ஒரு பாதமும் குளுக்கோஸ் பாட்டிலும்.

விடுவாரா? மூச்சு முட்டுகிறது என்று முகமூடியைத் தாடைக்கு இறக்கினார். அடுத்து, மருமகள் அழும்போது மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர், கேமரா இருந்த பக்கத்துக் கண்ணில் மட்டும்.

"மேடம், நீங்க கோமால இருக்கீங்க," என்றார் இயக்குநர்.

"கோமால இருந்தா பாசம் போயிடுமா?"

சொட்டு ஒளிபரப்பானது. அம்மாவுக்குக் காது கேட்கிறது, எழுப்புங்கள் என்று நேயர்கள் தொலைக்காட்சி நிலையத்தைத் துளைத்தெடுத்தார்கள். எழுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. வென்றுவிட்டார் அல்லவா?

காட்சி எளிமையானது. மருமகள் இரண்டு தடவை கூப்பிட வேண்டும், மாமியார் கண் திறக்க வேண்டும். பக்கத்தில் ஒரு டாக்டர், வசனம் கிடையாது. அந்த நடிகர் ஊரில் எடுக்கப்படும் எல்லாத் தொடர்களிலும் டாக்டர்தான். கைவிரித்து மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறெதையும் யாரும் அவருக்கு எழுதித் தந்ததில்லை.

"அத்தை," என்றாள் மருமகள். கண்ணை மூடியிருந்தாலும் விளக்கின் சூடு எங்கே விழுகிறது என்று நம்மவருக்குத் தெரியும். அது தன் முகத்தில் இல்லை. முதல் அழைப்பைப் போகவிட்டார். "அத்தை, கண்ணத் திறங்க." சூடு நகர்ந்து காதுவரை வந்தது. முழுதாக வரட்டும், மூன்றாவதுக்குத் திறக்கலாம்.

மருமகளுக்கு எழுதியிருந்தது இரண்டுதான். அவள் நிறுத்திவிட்டாள். அறையில் அமைதி. மேடம் ஏதோ புதிதாகச் செய்யப்போகிறார் என்று இயக்குநரும் பேசாமல் இருந்தார். இந்த அமைதி யாருக்குப் பழக்கம்? டாக்டருக்கு. இத்தனை வருடமாகக் கட்டிலருகே அமைதி விழுந்தால் அடுத்தது அவர் முறைதான். கை தானாகப் போய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது.

"மன்னிச்சிடுங்க. எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டோம்."

மருமகள் கெட்டிக்காரி. கண் இமைக்கும் நேரத்தில் மாமியாரின் மார்பில் விழுந்து அவள் கதறிய கதறலில் விளக்குக்காரரே மூக்கைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் பழக்க தோஷத்தில் துணியை முகம்வரை இழுத்து மூடினார். அப்போதும் நம்மவர் கண் திறக்கவில்லை. இன்னொரு டேக் போகலாம் என்று யாராவது சொல்வார்கள் அல்லவா?

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். ஓகே என்றார். கைதட்டல் எழுந்தது.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது: "இன்னொண்ணு போலாமே."

"வேணாம் மேடம். மூச்சுகூடத் தெரியல. பிரமாதம்."

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தங்கை செருப்பை எடுத்து வந்து கட்டிலருகே வைத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். இரு, கூப்பிடுவார்கள் என்றார் அக்கா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்ப் போர்த்திக்கொண்டு, கதவை மட்டும் சரியாகச் சாத்தாமல் படுத்திருந்தது யார்? கூடத்தில் தட்டு வைக்கும் ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டு, அடுத்த தடவை கூப்பிட்டால் எந்த முகத்தோடு எழுவது என்று ஒத்திகை பார்த்தது யார்? ஒத்திகை நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டால், அப்புறம் நீங்களாகத்தான் எழுந்து வர வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.