குவாதலஹாராவில் வழி கேட்காதீர்கள்

குவாதலஹாரா,
மழைக்காலத்தில் ஒரு காலை.

பெருமதிப்புக்குரிய மச்சான் ஒக்தாவியானோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை அம்பாரோவின் கணவன் எரிபெர்த்தோ எழுதிக்கொள்வது. இங்கே நானும், அம்பாரோவும், மகள் நொயேமியும், வாய் ஓயாத கிளியும் நலம். தம்பிக்கோ துறைமுகத்தில் உங்கள் முழங்கால் கடற்காற்றோடு சமாதானமாகிவிட்டதா?

குவாதலஹாராவுக்கு வந்தால் எதையெல்லாம் பார்க்கலாம், என்னென்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஆயுள் முழுக்கப் பூகோளம் நடத்தியவன் நான். உதாரணம் இல்லாமல் எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. போன வாரம் நொயேமியைப் பெண் கேட்க சிவாவாவிலிருந்து வந்தார்களே பையன் ஹில்தார்தோவின் பெற்றோர், அவர்களுக்கு நான் ஊர் சுற்றிக் காட்டிய கதையே உதாரணமாக இருக்கட்டும்.

பையனின் அம்மா ஓர்தென்சியா அம்மாள் நிமிர்ந்த முதுகும் நேர்ப்பேச்சுமாக இருப்பவர். அப்பா அன்செல்மோ தொப்பிக்குள்ளேயே குடியிருப்பவர். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பையன் வீட்டார் வாய் திறந்து கேட்கும்வரை கல்யாணப் பேச்சை நாம் எடுக்கக் கூடாது. வந்த அம்மாளோ, "முதல்ல ஊரப் பாப்போம், மனுசங்களப் பாப்போம், அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவர்களுக்குத் திரும்பும் பேருந்து. அதற்குள் அவர் கேட்காமல் கிளம்பிவிட்டால் என் மகள் கதி என்ன? அடுப்படியில் நொயேமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நீங்க எதுவும் புதுசா செய்யாதீங்க, போதும்" என்றாள். நான் எங்கே புதுசாகச் செய்தேன்? எல்லாம் பழசுதான்.

முதலில் சுவர் ஓவியங்கள் உள்ள அருங்காட்சியகம். கதவு சாத்தியிருந்தது. வாசலில் பலூன் விற்றவரைக் கேட்டேன். "இப்பத் தொறந்துடுவாங்க வாத்தியாரய்யா, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. அன்செல்மோ தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். கடைசியில் ஓர்தென்சியா அம்மாள்தான் எழுந்துபோய்க் கதவில் தொங்கிய பலகையைப் படித்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை விடுமுறை. பணி ஓய்வு பெற்றவனுக்கு எல்லாக் கிழமையும் ஞாயிறுதானே மச்சான், எனக்கு எப்படித் தெரியும்! "அவருக்காவது தெரிஞ்சிருக்குமே, ஏன் சொல்லல?" என்று அம்மாள் பலூன்காரரைக் காட்டினார். "நம்ம மனசு நோகக் கூடாதுன்னுதான்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்து சாப்பாடு. மூழ்கடித்த தோர்தா சாப்பிடாமல் இந்த ஊரை விட்டுப் போகலாமா? வெளியூர்க்காரர்களுக்கு ரொட்டியைக் காரக் குழம்பில் பாதி முக்கினால் போதும் என்று கடைக்காரர் கண்ணால் ஜாடை காட்டினார். விருந்தாளிக்குப் பாதியா கொடுப்பது என்று முழுக்க முக்கச் சொன்னேன். ஓர்தென்சியா அம்மாள் வெள்ளை ரவிக்கை அணிந்திருந்தார். முதல் கடியிலேயே குழம்பு முழங்கைவரை இறங்கி, ரவிக்கையில் சிவாவா மாநிலத்தின் வரைபடம் போலப் படர்ந்துவிட்டது. எல்லைக்கோடு அத்தனை துல்லியம். அதைப் பாராட்டியும் சொன்னேன். அன்செல்மோ அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தார்: "தண்ணி."

பிறகு பக்கத்து ஊரான த்லாகெபாகேவுக்குப் பேருந்து ஏறினோம். மண்பாண்டக் கடைகளும் மரியாச்சி வாத்தியக் கோஷ்டிகளின் பாட்டும் அம்மாளின் மனதைக் கரைத்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பேருந்தில் அவர் கேட்டார்: "எங்க ஊர்ல குளிரு எலும்பு வரைக்கும் போவும், காத்தடிச்சா ஒரே புழுதி. உங்க பொண்ணு தாங்குவாளா?"

"குளிர்னா அவளுக்கு உசுரு!" என்றேன். மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடுகிற பெண் அவள்.

சாலையை வெட்டிப் போட்டிருந்ததால் ஓட்டுநர் எங்களை ஏதோ ஒரு முனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் மருந்துக்கடைப் பெண்ணைக் கேட்டேன். நேரே போகச் சொன்னாள். செருப்புக்குப் பாலிஷ் போடுபவரைக் கேட்டேன். வந்த வழியே திரும்பச் சொன்னார். ஒரு கன்னியாஸ்திரீயைக் கேட்டேன். "பக்கத்துலதான்" என்று ஆசி வழங்கினார். மூன்று பேரும் பொய்யர்கள் அல்லர், மச்சான். நம் ஊரில் வழி கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது தண்ணீர் கேட்டவர் முகத்தில் கதவைச் சாத்துவது போல. அதனால் தெரிந்தாலும் சொல்வோம், தெரியாவிட்டாலும் இன்னும் விளக்கமாகச் சொல்வோம்.

அப்போது முதுகில் கித்தாரோன் என்ற குண்டு கித்தாரைச் சுமந்து ஒரு மரியாச்சிக்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "ஐயா, மாதா கோயிலுக்கு எப்படிப் போகணும்? கல்யாணத்துல வாசிக்கணும், நேரமாச்சு!" நான் கையை நீட்டினேன். இரண்டு தெரு தாண்டி, பெரிய மரத்தடியில் இடப்பக்கம். அவர் தொப்பியைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு ஓடினார்.

ஓர்தென்சியா அம்மாள் நின்றுவிட்டார். "வாத்தியாரே, நாமளே வழி தெரியாமத்தான நிக்கிறோம்? அந்த ஆளுக்கு எதைச் சொன்னீங்க?"

"கேட்டாரேம்மா!"

அந்த நேரம் பார்த்து வானம் உடைந்தது. நம் ஊர் மழை உங்களுக்குத் தெரியும்; தூறாது, கொட்டும். தெரு ஆறாகிவிட்டது. தெஹுயினோ பானம் விற்கும் ஒரு வண்டியின் கித்தானுக்கு அடியில் போய் ஒடுங்கினோம். சற்று நேரத்தில், அனுப்பிய திசைக்கு நேர் எதிரிலிருந்து, கித்தாரோனைக் குடையாகத் தலைமேல் பிடித்துக்கொண்டு அதே மரியாச்சிக்காரர் வந்து சேர்ந்தார். சொட்டச் சொட்ட நின்றவர் என்னைப் பார்த்ததும், "ரொம்ப நன்றிங்க ஐயா, நீங்க சொன்ன எடத்துலயேதான் இருந்துச்சு" என்றார்.

"பொய்!" என்றார் ஓர்தென்சியா அம்மாள்.

"ஆமாங்கம்மா" என்றார் அவர் பணிவாக. "கோயிலே கண்ணுல படல. கல்யாணமும் முடிஞ்சிருக்கும்."

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நானும் காலைலேர்ந்து பாக்குறேன். இங்க எல்லாரும் தங்கமானவங்க. ஆனா ஒருத்தர் சொல்றதயும் நம்பி ஒரு அடி வைக்க முடியல. கடைசியா கேக்குறேன். உங்க பொண்ணுக்கு எங்க ஊரு ஒத்துவருமா?"

என் வலது கை தானாகவே மேலே எழுந்தது, திசை காட்ட. இடது கையால் அதைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "தெரியாதும்மா" என்றேன். "குளிர் அவளுக்கு ஆகவே ஆகாது. அவளையே கேளுங்க. நாம நிக்கிற தெருவும் எனக்குத் தெரியாது." தெஹுயினோக்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

ஓர்தென்சியா அம்மாள் சிரித்த சிரிப்பில் கித்தானில் தேங்கிய தண்ணீர் முழுவதும் அன்செல்மோவின் தொப்பிமேல் கொட்டியது. "இதத்தான காலைலேர்ந்து தேடிட்டிருந்தேன்! வாங்க, வீட்டுக்குப் போவோம். யோவ் மரியாச்சி, நீயும் வா."

வழியை அம்மாளே கண்டுபிடித்தார். யாரையும் கேட்கவில்லை, தெருப் பலகைகளைப் படித்தார். வீட்டில் நொயேமியைக் கேட்டதற்கு, "குளிர் எனக்கு ஆகாது அத்தை. நல்ல கம்பளிக் கோட்டு வாங்கிக் குடுத்தா வரேன்" என்றாள். அங்கேயே, ஈரத்துணியோடு, அம்மாள் முறைப்படி பெண் கேட்டார். கித்தாரோனுக்குள்ளிருந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு மரியாச்சிக்காரர் வாசித்தார். கல்யாணம் டிசம்பரில்.

ஆக மச்சான், இந்த ஊரில் எதை வேண்டுமானாலும் பாருங்கள், திங்கட்கிழமை தவிர. தோர்தாவைப் பாதி மட்டும் முக்கச் சொல்லுங்கள். ஆனால் யாரிடமும் வழி கேட்காதீர்கள். நானும் இனி தெரியாததைத் தெரியாது என்றே சொல்வதாக மாதா படத்தின் முன் சத்தியம் செய்திருக்கிறேன்.

உங்களையும் உங்கள் முழங்காலையும் ஆண்டவர் பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்புடன்,
எரிபெர்த்தோ

பி.கு.: கல்யாண மண்டபத்தை இன்னும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் வழி மிகச் சுலபம். பேருந்து நிலையத்திலிருந்து நேரே வந்து, பெரிய மரத்தடியில் இடப்பக்கம் திரும்புங்கள். பக்கத்தில்தான்.

அண்ணா, அம்பாரோ எழுதுறேன். ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். பேருந்து நிலையத்துலயே உக்காரு, எங்கயும் நகராத. ஓர்தென்சியா அம்மா வந்து கூட்டிட்டு வருவாங்க.