புலியாரை அட்மின் ஆக்கிய கீரி

ஒரு காட்டில் புலி தவறாமல் வரும். வாத்தியார் மட்டும் வரவே மாட்டார். குட்டிகளுக்குத் தப்பிக்கச் சொல்லித்தர ஆளில்லை. அவை குறைந்துகொண்டே வந்தன.

இதைப் பார்க்கச் சகிக்காத ஒரு கீரி, டவுனிலிருந்து உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மரப்பொந்தில் வைத்தது. சோலார் தகட்டை மாட்டி, மெமரி கார்டைச் செருகி, அதையே ஓர் ஆன்லைன் பள்ளிக்கூடத்தின் சர்வராக்கியது. "வெளியூர் கம்பெனி தயவே வேண்டாம். நம்ம பாடம் நம்ம பொந்துலயே இருக்கும்" என்றது. முதல் பாடம், புலி வந்தால் ஓடுவது எப்படி என்பது.

எல்லாம் முடிந்ததும், அட்மின் யார் என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்தக் காட்டில் காதுகுத்துப் பத்திரிகை அடித்தாலும் தலைமை என்று புலியார் பெயரைத்தான் போடுவார்கள். கீரி மரியாதை தெரிந்த பிராணி. புலியார் பெயரையே போட்டு, பாஸ்வேர்டை நேரில் போய்க் கொடுத்தது.

"நான் என்னப்பா செய்யணும்?"

"ஒண்ணும் வேண்டாங்கய்யா. சும்மா பேருக்குத்தான்."

அட்மின் என்றால் பாடத்தைத் திருத்தலாம் என்று புலியார் சீக்கிரமே கண்டுபிடித்தார். 'ஓடவும்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'கண்ணை மூடி நிற்கவும்' என்று மாற்றினார். தேர்வு ஆன்லைனில்; பிராக்டிகல் மட்டும் நேரில். எக்ஸாமினர் அவரேதான்.

வெள்ளச்சி என்ற முயலுக்கு மிஞ்சியது ஒரே பிள்ளை. அவன் பள்ளியில் சேர்ந்த மறுநாளே தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டான். வெள்ளச்சி கீரியிடம் ஓடியது.

"தம்பி, எப்படியாவது உள்ள விடு. இவனும் போயிட்டா எனக்கு யாருமில்ல."

"மாத்திக் குடுக்க அட்மினாலதான் முடியும்க்கா. சொல்லி வச்சிருக்கேன். ஐயா பிராக்டிகல்ல பிஸியா இருக்காரு."

முடிவுகள் வந்தன. தேர்ச்சி நூறு சதவீதம். கீரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் இரண்டாம் பாடத்துக்கு ஒருவரும் உள்ளே வரவில்லை. "சிக்னல் பிரச்சினையா இருக்கும்" என்று சர்வரை அணைத்துப் போட்டது.

வளைக்குள் வெள்ளச்சி மகனைப் பிடித்துக்கொண்டது. "மான் வீட்டுப் பையன் நூத்துக்கு நூறு. நீயும் இருக்கியே."

"அவன் இப்ப எங்கம்மா?"

வெள்ளச்சி புல்லைக் கொறித்தது.

"மார்க்கைப் பத்திப் பேசும்போது அதெல்லாம் எதுக்கு?"

நீதி: நன்றாகப் படிக்கும் பிள்ளை பெற்றவளுக்குப் பெருமை. பாஸ்வேர்டை மறக்கும் பிள்ளை பெற்றவளுக்கு மிச்சம்.