எண்ணெய் விற்ற விஞ்ஞானி

பெண் பார்க்கப் போகிறவன் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. நான் வாயைத் திறந்தேன்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. எதிரே நிர்மலா, தெம்பனிஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. அவள் பக்கத்தில் அப்பா. என் பக்கத்தில் அம்மா (நான் உளறினால் மேசைக்கடியில் காலை மிதிப்பதற்காகவே வந்தவர்).

"என்ன வெயில் லா! முன்னெல்லாம் இப்படியா இருந்துச்சு?" என்றார் நிர்மலாவின் அப்பா.

அந்த நேரத்தில் நான் ரசத்தைக் குடித்திருக்கலாம்.

"எல்லாம் எரிமலையால அங்கிள். மனுஷன் விடற புகையெல்லாம் அதுக்கு முன்னால தூசு. கார், ஏர்கான்னு சும்மா நம்மளப் பயமுறுத்துறாங்க."

"அப்படியா தம்பி!" அவர் அசந்துபோனார். அம்மா மிதித்தார். நிர்மலா அப்பளத்தைக் கீழே வைத்தாள்.

"யார் சொன்னாங்க?"

"பெரிய விஞ்ஞானி. வாட்ஸ்அப்புல வீடியோவே இருக்கு."

"காட்டுங்களேன்."

சத்தத்தை முழுசாக வைத்துக் காட்டினேன். வெள்ளைக் கோட்டு மனிதர் எரிமலையைப் பற்றி முழங்கினார். பாதியில் நிறுத்தப் போனேன் (நானே அதற்கு மேல் பார்த்ததில்லை).

"இருங்க, முழுசா பார்ப்போம்," என்றாள்.

விஞ்ஞானி கோட்டுப் பையிலிருந்து பச்சைப் பாட்டில் ஒன்றை எடுத்தார். "ஆகவே நேயர்களே, பூமியின் சூட்டை நம்மால் குறைக்க முடியாது. தலையின் சூட்டைக் குறைக்கலாம்! மூலிகை எண்ணெய், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்!"

பக்கத்து மேசைக்காரருக்குப் புரையேறியது. பரிமாற வந்தவர் கூட்டு வாளியோடு அப்படியே நின்றார். நிர்மலாவின் அப்பா மட்டும் அக்கறையாகக் கேட்டார்: "சிங்கப்பூருக்கு அனுப்புவாங்களா தம்பி?"

என் முகம் கொதித்தது (எண்ணெய் கையில் இருந்தால் அங்கேயே தேய்த்திருப்பேன்). பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நிர்மலாவும் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எரிமலைங்க எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்துல விடற கரியமில வாயுவைவிட நாம விடறது பல மடங்கு அதிகம். அளந்து பார்த்தே சொல்லியிருக்காங்க. யார் சொல்றாங்க, எதுக்குச் சொல்றாங்க, வேற யாரும் சரிபார்த்தாங்களான்னு பாருங்க."

வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலிலேயே அம்மா வேறு பெண் வீட்டாரின் எண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டார். சம்பந்தம் போச்சு என்று நானும் முடிவுகட்டிவிட்டேன். மறுநாள் நிர்மலாவிடமிருந்து செய்தி வந்தது: "தப்புன்னு தெரிஞ்சதும் சண்டை போடாம சிரிச்சீங்க. அது எனக்குப் பிடிச்சுது."

கல்யாணம் நடந்தது. சொந்தக்காரர்களுக்கு நான் இன்றும் 'எரிமலை மாப்பிள்ளை'. மாமனாரோ அன்றிலிருந்து ரொம்ப உஷார். போன வாரம் ஒரு பருவநிலை வீடியோவை எனக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தார்:

"கடைசி வரைக்கும் பார்த்துட்டேன் மாப்பிள்ளை. எண்ணெய் விக்கல. அப்போ உண்மைதானே?"