தூக்கம் கெட்ட மேஜரின் பெயரை வெளியிட வேண்டாம்

'சாண்ட்ஹோம் செய்தி' வார இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெயர் சொல்ல முடியாத வாசகி ஒருத்தி மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை. எனக்குப் பன்னிரண்டரை வயது. ஞாயிற்றுக்கிழமை இரவு பத்தே முக்கால் மணிக்கு, குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் பள்ளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு இது ஒன்றுதான். எழுத்து கோணலாக இருந்தால் தொட்டியை மன்னிக்கவும்.

பிப்ரவரி மாதம் 'தூக்கம் கெட்ட மேஜர், பீக்கன் கோர்ட்' என்ற பெயரில் ஒரு கடிதம் வெளியிட்டீர்களே, நினைவிருக்கிறதா? மாடி வீட்டுக்காரர் நள்ளிரவு மூன்று மணிக்கு டிராம்போன் என்ற பித்தளை ஊதுகுழலை வாசிக்கிறார், அது பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட பசுமாடு கதறுவதுபோல் இருக்கிறது, இதற்காகவா நாங்கள் போரில் ரத்தம் சிந்தினோம் என்று கேட்டிருந்தாரே, அந்த மேஜர் நான்தான். உங்கள் கோப்பில் இருக்கும் மேஜர் ஃபாசெட் என்பவர் பிறக்கவே இல்லை. பள்ளித் தட்டச்சு வகுப்பில் மற்றவர்கள் 'பழுப்பு நரி' என்று தொடங்கும் பயிற்சி வரியை அடித்துக்கொண்டிருந்தபோது நான் இதை அடித்தேன். ஆசிரியை பின்னால் வந்து நின்று, "வேகம் கூடியிருக்கு, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். மேஜர்கள் எப்படி எழுதுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் வாங்கும் வறுத்த மீனைத் தங்கள் இதழில்தான் சுற்றித் தருகிறார்கள். வாசகர் கடிதப் பக்கத்தை நான் எண்ணெய்க் கறையோடு எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதற்கும் நன்றி.

நான் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. என் அம்மா ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்க்கிறார். இயந்திரப் பட்டையில் நகர்ந்து வரும் ஒவ்வொரு இனிப்பு ரொட்டியின் மேலும் ஒரு செர்ரிப் பழம் வைப்பது அவர் வேலை. பகலில்தான் தூங்குவார். அப்பா இல்லாத வீடு, வேறு யாரும் சம்பாதிப்பதும் இல்லை. எங்கள் வீட்டில் மதியம் மூன்று மணி என்றால் திரைச்சீலை மூடிய நடு ராத்திரி. ஜனவரியில் மேல்வீட்டுக்கு மிஸ்டர் கட்பர்ட் குடிவந்தார். ஹாலந்து போகும் கப்பலின் மதுக்கூடத்தில் வாசிக்கிறவர். இரண்டு இரவு கடலில், இரண்டு இரவு வீட்டில். வீட்டில் இருக்கும் நாட்களில் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை சாதகம் செய்வார். நான் பள்ளியிலிருந்து வரும்போது அம்மா தலையணையைத் தலைக்கு மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு படுத்திருப்பார். கடைசியில் ஒருநாள் ஆலையில் நின்றபடியே தூங்கிவிட்டார். நானூறு ரொட்டிகள் செர்ரி இல்லாமல் மொட்டைத் தலையோடு போய்விட்டன. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதனால்தான் எழுதினேன். பட்டப்பகலில் தூங்கும் மேஜரை ஊர் சிரிக்கும் என்று பயந்து, மதியம் மூன்று மணியை நள்ளிரவு மூன்று மணி என்று மாற்றிவிட்டேன். ஐயா, நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். போரில் ரத்தம் சிந்தியதைச் சேர்த்தால் இரண்டு.

கடிதம் வெளியான செவ்வாய்க்கிழமை தங்கள் இதழைப் பார்த்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கீழ்வீடு நாமதானே, நாமதான் எழுதினோம்னு அந்த மனுஷன் நினைப்பாரே" என்று சொல்லி, வீட்டு அங்கியோடேயே, ஆலையில் கொடுத்த மொட்டை ரொட்டிகளில் ஆறைத் தட்டில் அடுக்கிக்கொண்டு மேலே ஏறினார். நானும் பின்னால் போனேன்.

"நான் எழுதல மிஸ்டர் கட்பர்ட். சத்தியமா நான் இல்ல" என்றார் அம்மா கதவு திறந்ததும்.

"நானும் எழுதலங்க" என்றார் அவர். அவர் உயரத்துக்கு அந்தக் கதவு போதாது. "உள்ள வாங்க. ராத்திரி மூணு மணிக்கு நான் வாசிக்கிறேனாமே. எனக்கே தெரியாது."

"ராத்திரி எனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போயிடுவேன். மத்தியானம்தான்..." அம்மா நிறுத்திக்கொண்டார்.

"மத்தியானம் என்ன?"

"மத்தியானம் நான் தூங்குவேன். தூங்கப் பாப்பேன்."

அவர் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "இத்தனை நாள் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமே. வாசிக்காம விட்டா என் உதடு செத்துடும். ஆனா வாய்க்குள்ள ஒரு காலுறையச் செருகிக்கலாம். என் வாய்க்குள்ள இல்லீங்க, டிராம்போன் வாய்க்குள்ள."

அம்மா சிரித்தார். ஐயா, அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது போன கிறிஸ்துமஸுக்கு முந்திய கிறிஸ்துமஸில்.

மறுநாளிலிருந்து காலுறை செருகிய டிராம்போன் மெதுவாக, நீளமாக, தாழ்ந்த சுரத்தில் மட்டும் வந்தது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். அதற்கப்புறம்தான் வம்பு. அவர் கப்பலில் போன நாட்களில் அம்மாவுக்குத் தூக்கமே வருவதில்லை. எழுந்து அடுப்பைத் துடைப்பார். எங்கள் அடுப்பு இவ்வளவு பளபளப்பாக இருந்ததே இல்லை. அம்மாவுக்கு அவர் ஈஸ்டர் வரைக்கும் 'மிஸ்டர் கட்பர்ட்', அதன் பிறகு 'மோரிஸ்'.

எனக்கு அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். அம்மா வேலைக்குப் போகும் இரவுகளில் நான் தனியாக இருப்பேன். இது யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் அதிகாரிகள் வந்து என்னைக் கூட்டிப்போய்விடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். முன்பெல்லாம் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு, விளக்கையும் வானொலியையும் அணைக்காமல் படுப்பேன். இப்போது மேலிருந்து கீழே வரும் வெந்நீர்க் குழாயைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிறேன், மேலேயிருந்து இரண்டு தட்டு வருகிறது, விளக்கை அணைத்துவிடுகிறேன். அவ்வளவுதான். அவர் கரையில் இருக்கும் இரவுகளாகப் பார்த்து அம்மா வேலையை மாற்றி வாங்கிக்கொண்டார். மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் ஒரு இரவுகூடத் தனியாக இருந்ததில்லை. தங்கள் இதழ் அந்தக் கடிதத்தை வெளியிடாமல் இருந்திருந்தால் அம்மா மாடிப்படி ஏறியிருக்கவே மாட்டார். ஆகவே தங்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது.

ஆனால் மேஜரை யாரும் மறக்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அவரை ஆதரித்து ஒன்பது கடிதங்கள் வந்தன. ஒரு அம்மையார் இரண்டு மைல் தள்ளி ஆற்றுக்கு அக்கரையில் இருந்துகொண்டு, தனக்கும் இரவில் டிராம்போன் கேட்கிறது என்று எழுதினார். அவர் குறிப்பிட்ட இரவில் மோரிஸ் ஹாலந்தில் இருந்தார். எங்கள் பீக்கன் கோர்ட் கட்டடத்தில் இருப்பதே முப்பது பேர், மோரிஸைக் காலி செய்யச் சொல்லி நகராட்சியின் வீட்டு அலுவலகத்துக்குப் போன மனுவில் நாற்பத்தொரு கையெழுத்து. எல்லாவற்றுக்கும் மேல் எங்கள் பக்கத்து வீட்டு மிஸ்டர் பக்கிள். பேருந்தில் சீட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மதுக்கடையில் யாரோ, "அந்த மேஜர் நீங்கதானா?" என்று கேட்க, அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "நான்னு சொல்லல, இல்லேன்னும் சொல்லல" என்றாராம். அன்றிலிருந்து அவர் தன் காசில் பியர் குடிப்பதில்லை. தோட்டக்காரர் சங்கத்தில் போர் அனுபவம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

இப்போது வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு அலுவலகத்தில் விசாரணை. இரவில் வாசித்தது உண்மை என்று முடிவானால் மோரிஸ் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பகலில் வாசிப்பது குற்றமில்லையாம், இரவில்தான் குற்றமாம். அதாவது நான் மாற்றிய அந்த ஒரு சொல்தான் குற்றம். இதில் தாங்க முடியாதது என்னவென்றால், அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். போன வாரம் டிராம்போன் பெட்டியைப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்தார்.

"நாப்பத்தொரு பேர் பொய் சொல்லுவாங்களா பெரில்? நான் தூக்கத்துல எழுந்து வாசிக்கிறேனோ என்னவோ. எங்க சித்தப்பா ஒருத்தர் தூக்கத்துல நடந்துபோய் ஆட்டுக்குட்டியக் குளிப்பாட்டுவார்."

"உளறாதீங்க மோரிஸ்" என்றார் அம்மா. ஆனால் சாவியை வாங்கிக்கொண்டார்.

அவர் ஒரு இரவுகூட வாசித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கு நேர் கீழே இரவில் இருப்பவள் நான் மட்டும்தான். ஆனால் அதைச் சொன்னால் நான் தனியாக இருந்ததும் வெளியே வரும், மேஜரும் வெளியே வருவார். அம்மா என்னை அடிக்க மாட்டார். பேசாமல் அடுப்பைத் துடைப்பார். அது அடியைவிட மோசம்.

சற்று முன் கதவைத் தட்டினார். "உள்ள என்னடி பண்ற இவ்வளவு நேரம்?"

"வயித்து வலிம்மா."

"சாயங்காலம் பன்றி இறைச்சிப் பொரியல் ரெண்டு தட்டு தின்னா வலிக்காம என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று ஆலைக்கு விடுமுறை. அவர் தூங்கவில்லை. மேல்வீடு அமைதியாக இருக்கிறதல்லவா.

ஆகவே ஐயா, தயவுசெய்து செவ்வாய்க்கிழமை இதழில், மேஜர் தவறாக எழுதிவிட்டார் என்று ஒரு வரி போடுங்கள். அவர் மூளை குழம்பியவர் என்றோ, ஆப்பிரிக்கா போய்விட்டார் என்றோ, காலமானார் என்றோகூடப் போடலாம். மிஸ்டர் பக்கிள் அதைப் படித்துவிட்டு என்ன செய்வார் என்பது அவர் பாடு. என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். எக்காரணத்தைக் கொண்டும் வெளியிட வேண்டாம். நாளை பள்ளிக்குப் போகும் வழியில் தங்கள் அலுவலகப் பெட்டியில் இதைப் போட்டுவிட்டு ஓடிவிடுவேன்.

தங்கள் இதழ் நீடூழி வாழட்டும். அச்சுப் பிழைகள் குறையட்டும். தங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கட்டும்.

இப்படிக்கு,
மிகுந்த நன்றியும் அதைவிட மிகுந்த பயமும் உள்ள,
பெயர் சொல்ல முடியாத வாசகி

பின்குறிப்பு: மேலே எழுதியதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இப்போது மணி பன்னிரண்டரை. அம்மா மறுபடி வந்து கதவைத் தட்டினார். வயிற்று வலிக்கு மருந்து கொண்டுவந்திருந்தார், திறக்க வேண்டியதாயிற்று. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார்.  அடுப்பைத் துடைக்கப் போகவில்லை. கரண்டியை எடுத்து வெந்நீர்க் குழாயை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். மோரிஸ் படுக்கை உடையோடு இறங்கி வந்து, அவரும் படித்தார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாலத்துக்கு அடியில மாட்டிக்கிட்ட பசுமாடு, அது உன் சொந்த வரியா?"

"ஆமா" என்றேன். அழுதுகொண்டிருந்தேன்.

"நல்ல வரி மேஜர். பேப்பர்லேருந்து வெட்டி டிராம்போன் பெட்டிக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன்." பிறகு அம்மாவைப் பார்த்து, "சாவியக் குடு பெரில். ராத்திரி வாசிக்கிறேன்னுதானே துரத்தறாங்க? ஒரு தடவையாவது வாசிச்சுட்டுப் போறேன்" என்றார்.

மேலே போய் டிராம்போனை எடுத்துவந்து, காலுறை இல்லாமல், எங்கள் சமையலறையில் நின்று, முழு மூச்சில் வாசித்தார். நாலாவது சுரத்திலேயே பக்கத்து வீட்டிலிருந்து சுவரைக் குத்தும் சத்தம் கேட்டது. மிஸ்டர் பக்கிள் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "என்னய்யா இது அநியாயம்? இத்தனை மாசத்துல ஒருநாள்கூட ராத்திரி சத்தம் வந்ததில்ல. இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு?"

அம்மா சுவரில் வாய் வைத்துக் கேட்டார்: "மேஜர், இதையே புதன்கிழமை பத்து மணிக்கு வந்து சொல்லுவீங்களா?"

அந்தப் பக்கமிருந்து, "தோட்டக்காரர் சங்கத்துக்குத் தெரியாமப் பாத்துக்க முடியுமா?" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

ஆகவே ஐயா, 'ஒரு இரவுகூட வாசித்ததில்லை' என்பதை 'இந்த ஞாயிறு இரவு வரை வாசித்ததில்லை' என்று திருத்திக்கொள்ளவும். மேஜரைக் கொல்ல வேண்டாம். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிடவும். எங்கள் வீட்டு இரவுகளைப் பற்றி யார் கேட்டாலும் தான் பதில் சொல்லிக்கொள்வதாக அம்மா சொல்கிறார். சொல்லிவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மோரிஸ் மெதுவாகத்தான் வாசிக்கிறார்.

ஹேஸல் ப்ரூம்,
3பி, பீக்கன் கோர்ட், சாண்ட்ஹோம்.
(பெயரையும் முகவரியையும் வெளியிடலாம்.)