துரைக்குத் துணை எப்போது?

செல்ல மகளுக்கு,

அப்பா தெளிந்த புத்தியோடும் உறுதியான மனதோடும் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீ எங்களிடம் விட்டுப்போன முயல் துரையும் நலம். அவர் நலமாக இருப்பதால் நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேறு எதுவும் நலமாக இல்லை. உன் புது வேலையும் விடுதி அறையும் உனக்குப் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன்.

"துரைக்கு ஒரு ஜோடி எப்பப்பா வாங்கப்போறீங்க?" என்று வாரம் தவறாமல் போனில் கேட்கிறாய். நான் காரணம் சொல்ல வாயெடுத்தால் பாதியிலேயே சிரித்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே சிரிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அவருக்குக் கருத்தடை ஆபரேஷன் முடியட்டும் என்றேன், முடிந்தது. மழை விடட்டும் என்றேன், அதுவும் என்னைக் கேட்காமலே விட்டுவிட்டது. கடைக்கு வெள்ளையடித்த பிறகு பார்க்கலாம் என்றேன், உன் அம்மா மறுநாளே பெயின்டரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டாள். சரி, 'அவசரப்படாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பி மிருக டாக்டரம்மாவிடம் போனேன். "ஆபரேஷன் ஆகி நாலு மாசமாச்சு. இதைவிட நல்ல நேரம் வராது. முயல் தனியா இருந்தா பொழுது போகாம கண்டதையும் கடிக்கும். இன்னும் என்ன யோசனை?" என்றார். நான் மென்று விழுங்கி, "ஜோடி வந்துட்டா அது நம்மகிட்ட முன்ன மாதிரி வருமாம்மா?" என்று கேட்டேன். "சார், துணை தேடுறது முயலுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் திரும்பி நின்று சிரிக்கிறார். கண் டெஸ்ட் பண்ணும்போது நான் யாரையாவது பார்த்துச் சிரித்திருக்கிறேனா, நீயே சொல்.

கண்டதையும் கடிக்கும் என்பதை மட்டும் நான் மறுக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை உட்காரவைத்து சுவரில் எரியும் எழுத்து விளக்குப் பலகையின் கடைசி வரியை வாசிக்கச் சொன்னேன், அவரும் நெற்றியைச் சுருக்கி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார், அந்த நேரம் பார்த்துத் துரை மேசைக்கடியில் நுழைந்து வயரில் வாயை வைக்க, ஃபியூஸ் போய் அறை கும்மிருட்டாக, அவர் "ஐயையோ, கண்ணு போச்சே! என் கண்ணை என்னய்யா பண்ணே?" என்று அலறி என் சட்டையைப் பிடிக்க, நான் "சார், கரண்ட்டுதான் சார் போச்சு, கண்ணு பத்திரமா இருக்கு!" என்று கத்த, உன் அம்மா டார்ச்சோடு ஓடிவந்து பார்த்தால், துரை ஃப்ரேம் பெட்டிமேல் உட்கார்ந்து நிதானமாக முகம் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இருந்தாலும் துரை தனியாக இருக்கிறார் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடிக்கையாளர்கள் முகம் பார்க்கும் மேசைக் கண்ணாடி முன்னால்தான் தினமும் அவருடைய தர்பார். உள்ளே தெரியும் முயலை நக்கிவிடுகிறார், அதோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறார், நகரச் சொன்னால் காலால் மேசையைத் தட்டி என்னை அதட்டுகிறார். நேற்று தையற்கடை அம்மா ஃப்ரேம் போட்டுப் பார்க்க உட்கார்ந்தவர், "என்னங்க இது, எனக்கு ரெண்டு காது கூடுதலா மொளைச்சிருக்கு! நல்லா இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லிடுங்க" என்று எழுந்துவிட்டார். ஆக, துணை கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. அது புல்லும் கேட்காது, வயரும் கடிக்காது.

உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் உன் அறைக் கதவைத் திறந்ததும் துரை பாய்ந்து வந்து என் காலை மூன்று சுற்று சுற்றுகிறார். இத்தனை வருஷத்தில் என்னைக் கண்டதும் யாரும் இப்படி ஓடியதில்லை. உன் அம்மா ஓடியிருக்கிறாள், எதிர்ப்பக்கமாக. ஜோடி வந்தால் அந்த மூன்று சுற்றும் போய்விடும். எனக்கு அது வேண்டுமம்மா. ஆகவே அடுத்த வருஷம் பார்க்கலாம். இதுவே என் இறுதி முடிவு.

வேளைக்குச் சாப்பிடு. திரையைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் கண்ணுக்கு ஓய்வு கொடு. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு.

அன்புள்ள அப்பா

பின்குறிப்பு: இந்தக் கடிதம் பன்னிரண்டு நாளாக என் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. எழுதி முடித்த அன்று மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், துரை வழக்கம்போலக் கண்ணாடியை நக்கினார். பிறகு எழுந்து கண்ணாடிக்குப் பின்னால் போனார். அங்கே மோந்து பார்த்தார். முன்னால் வந்தார், மறுபடியும் பின்னால் போய்த் தேடினார். உன் அம்மாவும் பார்த்துவிட்டாள். "அடுத்த வருஷம்னு நீங்களே அதுகிட்ட சொல்லுங்க" என்றாள். மறுநாளே டாக்டரம்மா சொன்ன இடத்துக்குப் போய், ஒரு காது மடங்கிய பழுப்பு நிறத் துரைசானியைக் கூட்டிவந்துவிட்டேன். பத்து நாள் நடுவில் கம்பி வலை வைத்துப் பழக்கி, நேற்றுத்தான் வலையை எடுத்தோம். உன் அறை முழுதும் இனி அவர்களுடையது. லீவுக்கு வந்தால் நீ கூடத்தில் படுத்துக்கொள்.

இன்று காலை கதவைத் திறந்தேன். இரண்டும் ஒட்டிப் படுத்து ஒன்றின் காதை ஒன்று நக்கிக்கொண்டிருந்தன. யாரும் ஓடிவரவில்லை. லேசாக இருமிப் பார்த்தேன். சரி, நன்றாக இருக்கட்டும் என்று திரும்பினேன். அதற்குள் துரை பாய்ந்து வந்து என் காலைச் சுற்ற, எதற்கென்று தெரியாமலே துரைசானியும் அவர் பின்னால் சுற்ற, நான் நகர முடியாமல் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்த உன் அம்மா கேட்டாள்:

"என்ன, நானும் ஒரு சுத்து சுத்தணுமா?"